சீல் உடைக்காத பெட்டி

எங்கள் கடையில் பொருள் வாங்குவது சுலபம். நாலு மாடி, தானாக ஏறும் படிக்கட்டு, போகிற வழியெல்லாம் குளிர்ந்த காற்று, நீங்கள் கேட்பதற்கு முன்பே தவணை முறையில் எழுதிக் கொடுக்க ஓர் ஆள். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றால்தான் கீழ்த்தளத்துக்கு இறங்க வேண்டும். லிஃப்ட் அங்கே போகாது. முப்பத்தாறு படி. மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு முப்பத்தாறு படி இறங்குபவரின் கோபத்தில் பாதி மூச்சு வாங்குவதிலேயே போய்விடும். மீதிப் பாதியைக் கவனிக்க அக்கா இருந்தாள்.

ஒரு மேசை, அதற்குப் பின்னால் ஒரு நாற்காலி, நாற்காலியில் அக்கா. மேசைக்கு இந்தப் பக்கம் நாற்காலி கிடையாது. சுவர் விசிறி அக்கா பக்கம் மட்டும்தான் திரும்பும். பத்தொன்பது வருடங்களாக அந்த மேசையில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். கடையில் அவளுக்கு முடியாதக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே வெறும் அக்கா. நான் எதிர்ப்பக்கம் பேக்கிங் பிரிவில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறவன். வயது நாற்பத்தாறு, தலையில் முக்கால்வாசி காலி. இந்த உலகத்தில் என்னை இன்னும் தம்பி என்று கூப்பிடுகிற ஒரே ஜீவன் அவள்தான்.

அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பில் இருக்கிறதா என்பாள். பில் இருந்தால் பெட்டி இருக்கிறதா என்பாள். பெட்டியும் இருந்தால், அதற்குள் வைத்திருந்த தெர்மாகோல். அதையும் ஒரு புண்ணியவான் பத்திரப்படுத்தி எடுத்து வந்திருந்தால், கடைசியாக சீல். சீல் உடைந்திருக்கிறதே. உடைக்காமல் ஓட்டிப் பார்ப்பது எப்படி, ஓட்டிப் பார்க்காமல் ஓடவில்லை என்று தெரிவது எப்படி என்று மனிதர் தொண்டை கிழியக் கேட்பார். அது தனக்குத் தெரியாது என்பாள் அக்கா, மழை வருமா என்று கேட்டால் சொல்வது மாதிரி. சீல் உடைந்தால் முடியாது, அவ்வளவுதான்.

அவளைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மேசையிலிருந்து ஒரு பொருள் திரும்பினால் அவள் ஊக்கத்தொகையில் ஒரு துண்டு போகும். முதலாளியின் கணக்கு அப்படி. எனக்கு ஜுரம் வந்த வாரம் என் பெட்டிகளையும் சேர்த்து ஒட்டியவள் அவள். அதைச் சொல்லிக் காட்டியதும் இல்லை.

அவளுடைய கணவர், எனக்கு முறைக்கு அத்தான், ஒரு பேண்டு குழுவில் டிரம்பெட் ஊதுகிறவர். ஊதிக்கொண்டிருந்தவர் என்று சொல்ல வேண்டும். கல்யாணம் ஒன்றுக்குப் போகிற வழியில், வேனுக்குள்ளேயே உட்கார்ந்து ஒத்திகை பார்த்திருக்கிறார். குறுக்கே ஒரு சைக்கிள் வந்தது, டிரைவர் பிரேக் போட்டார், டிரம்பெட் உள்ளே போனது, முன்பல் மூன்று வெளியே வந்தது. டிரம்பெட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை என்று பேண்டு மாஸ்டர் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னாராம்.

முன்பல் இல்லாமல் டிரம்பெட் ஊத முடியாது. உதடு நிற்க இடம் வேண்டும். மாஸ்டர் அவர் கையில் தாளத்தட்டு இரண்டைக் கொடுத்துப் பின்வரிசையில் நிறுத்தினார், பாதிக் கூலிக்கு. நாலு மாதம் இடத்தை வைத்திருப்பேன், அடுத்த கல்யாண சீசன் தொடங்கும்போது பல்லோடு வந்து ஊதிக் காட்டவில்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்றும் சொல்லிவிட்டார். இருபத்தாறு வருடம் முன்வரிசையில் நின்ற மனிதர். தட்டைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, ஊத முடியாத டிரம்பெட்டின் ஒவ்வொரு பொத்தானுக்கும் எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

பல் கட்டுவதற்கு டாக்டர் சொன்ன தொகை அக்காவின் ஐந்து மாதச் சம்பளம். இருவரும் இரண்டு வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் சரியாக அவ்வளவுதான் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு நேரே டாக்டரிடம் போயிருந்தால் இந்தக் கதை இத்தோடு முடிந்திருக்கும்.

அந்த விளம்பரத்தை அவளுக்குக் காட்டியது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாம். வீட்டிலிருந்தே உலக வியாபாரம், இலவசக் கருத்தரங்கு, போனில் பார்க்கலாம். முன்பதிவு என்று சின்னத் தொகை ஒன்றை நானும் கட்டியிருந்தேன். அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

திரையில் கோட்டு போட்ட ஒருவர் வந்தார். பின்னால் அவருடையது என்று சொல்லிக்கொள்ளும் கார். அவர் சொன்னதில் அக்காவுக்குப் பிடித்தது இரண்டு. ஒன்று, இந்த வியாபாரத்தில் பொருளே நம் கைக்கு வராது, எங்கேயோ இருக்கிற பொருளை எங்கேயோ இருக்கிறவர் வாங்குவார், நடுவில் லாபம் மட்டும் நமக்கு. நாளெல்லாம் ஓடாத மிக்ஸியையும் ஒழுகுகிற குக்கரையும் தொட்டுக்கொண்டிருக்கிறவளுக்கு அது என்ன மாதிரி இருந்திருக்கும் பாருங்கள். இரண்டாவது, அந்த ஆள் அவளைப் பார்த்து, அதாவது கேமராவைப் பார்த்து, உங்களால் முடியும் என்றார். அந்த வார்த்தையை அவளிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. அவளும் யாரிடமும் சொன்னதில்லை.

திரையின் ஓரத்தில் ஒரு கடிகாரம் ஓடியது. பதினொரு நிமிடத்துக்குள் கட்டினால் பாதி விலை. அந்தப் பாதி விலை சரியாக மூன்று பல்லின் விலையாக வந்து நின்றது. ஒரு மாதத்தில் பணம் இரட்டிப்பானால் கடைவாய்ப் பல்லையும் சேர்த்துக் கட்டிவிடலாம் என்று அக்கா கணக்குப் போட்டாள். யோசிக்கச் சொன்னேன். அவள் திரையின் அடியில் இருந்த பொடி எழுத்தைக் காட்டினாள்.

"படிச்சுப் பாருங்க தம்பி. திருப்தி இல்லன்னா முழுப் பணமும் வாபஸ்னு எழுத்துல போட்டிருக்கான். எழுத்துல இருந்தா என்னாலயே ஒண்ணும் பண்ண முடியாது."

இதைச் சொன்னது யார் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வாபஸ் என்ற வார்த்தையை வைத்துப் பத்தொன்பது வருடம் சம்பளம் வாங்கியவள், அதே வார்த்தையை நம்பி ஒன்பதாவது நிமிடத்தில் பணத்தைக் கட்டினாள். அத்தானிடம் சொல்லவில்லை.

நாலாவது நாள் ஒரு பெட்டி வந்தது. தங்க நிறக் காகிதம், மேலே வட்டமாக ஒரு சீல். இந்த இடத்தில்தான் அக்கா, கீழ்த்தளத்தில் வேலை பார்க்கிற ஒருத்தி மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தாள். பெட்டியைப் பிரிக்கவில்லை. பாலித்தீன் பையில் சுற்றி, பில்லை மேலே ஒட்டி, பீரோவின் உச்சியில் ஏற்றிவிட்டாள். வாராவாரம் நடக்கிற இலவச வகுப்பைப் பார்ப்பது, நன்றாக இருந்தால் பிரிப்பது, இல்லையென்றால் சீல் உடையாமல் அப்படியே திருப்பிக் கொடுப்பது. உடைக்காத வரைக்கும் அது நம் பணம் என்று எனக்கு விளக்கினாள். நானும் தலையை ஆட்டினேன். எங்கள் கடையில் அதுதானே சட்டம்.

இலவச வகுப்பு மூன்று வாரம் நடந்தது. மூன்று வாரமும் கோட்டுக்காரர் அடுத்த கட்ட வகுப்புக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைத்தான் பாடமாக நடத்தினார். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அதற்குள் வீட்டில் அத்தான் இரண்டு முறை டாக்டரிடம் எப்போது போகலாம் என்று கேட்டிருந்தார். டாக்டர் வெளியூர் மாநாட்டுக்குப் போயிருப்பதாக முதல் முறை சொன்னாள். இரண்டாம் முறை, பல்லின் நிறத்துக்கு ஆர்டர் போட்டிருக்கிறார்கள், வெள்ளை வந்துவிட்டது, அத்தானின் பல்லுக்கு ஏற்ற மஞ்சள் இன்னும் வரவில்லை என்றாள். அத்தான் சரி என்றுவிட்டுத் தாளத்தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாராம்.

மறுநாள் மதியம் என் எதிரிலேயே கம்பெனிக்குப் போன் போட்டாள். வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பிரிவு என்று ஒரு பெண் குரல் பேசியது. அதனால் அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் மகிழ்ச்சிப் பெண். பில் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றாள் அக்கா. பெட்டி? இருக்கிறது. அக்காவின் முகத்தில் அப்படி ஒரு களை. பரீட்சையில் படித்த கேள்வி மட்டுமே வருகிறது.

"பெட்டியப் பிரிச்சீங்களா மேடம்?"

"சீலக் கூடத் தொடலம்மா. வந்தது வந்தபடி இருக்கு."

"அப்ப முடியாது மேடம். நாப்பது நாள் பயிற்சிய முழுசா முடிச்சு, அப்பவும் லாபம் வரலன்னாதான் பணம் வாபஸ். நீங்க பிரிக்கவே இல்லையே."

அக்கா போனைக் காதிலிருந்து எடுத்து அதன் முகத்தைப் பார்த்தாள். நான் குளிர்பெட்டி அட்டைகளுக்குப் பின்னால் ஓடினேன். சிரிப்பை அடக்குவதற்கு அங்கேதான் இடம். அன்று நான் சிரித்தது தப்பு. அவள் கண்ணைப் பார்த்த பிறகு தெரிந்தது.

ஆனாலும் அவள் ஓய்ந்துவிடவில்லை. தினமும் மதியம் போன் போட்டாள். அவர்கள் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகத் தண்ணி காட்டினார்கள். மேலதிகாரி கூட்டத்தில் இருக்கிறார். இருபது நிமிடம் பாட்டு. பிறகு புகார் எண் என்று பதினான்கு இலக்கம். மறுநாள் அந்த எண்ணைச் சொன்னால், அது பழைய எண், புதிதாக வாங்க வேண்டும். அக்காவுக்கு வயிறு எரிந்தது. அதே சமயம் ஒரு தொழில்காரியின் மரியாதையும் வந்தது. சுத்தமாக வேலை செய்கிறார்கள் தம்பி என்று ஒருநாள் சொன்னாள். புகார் எண் என்கிற யோசனை தனக்கு இத்தனை வருடமாகத் தோன்றவில்லையே என்று வருந்தினாள். அடுத்த வாரம் எங்கள் மேசையிலும் புகார் எண் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

கடைசியில் ஒரு திங்கட்கிழமை பெட்டியைக் கடைக்கே கொண்டுவந்து, மேசை மேல் வைத்து, சீலைக் கத்தியால் அறுத்தாள். உள்ளே ஒரு டைரி, ஒரு பேனா, கண்ணாடியில் ஒட்டுவதற்கு ஒரு காகிதம், பாஸ்வேர்டு எழுதிய சீட்டு, நெஞ்சில் வெற்றி என்று எழுதிய மஞ்சள் டி-ஷர்ட். ஐந்து மாதச் சம்பளம். நாற்பது நாள் பயிற்சியை முழுசாகச் செய்து, தோற்றுக் காட்டி, பணத்தை வாங்கிவிடுவது என்று முடிவு செய்துவிட்டாள். சீசனுக்கு இன்னும் ஒன்பது வாரம் இருந்தது. நாள் கணக்கு இடித்தது, ஆனால் இடம் இருந்தது.

தினசரிப் பாடத்தில் முக்கியமானது வீடியோ. மஞ்சள் டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு நிமிடம் கேமராவைப் பார்த்து, என்னால் முடியும், இன்றைக்கே முடியும், எல்லாம் முடியும் என்று உரக்கச் சொல்லி அனுப்ப வேண்டும். ஸ்டோர் ரூமில் இரண்டு குளிர்பெட்டிகளுக்கு நடுவே கடைச் சீருடைக்கு மேல் டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு அக்கா நின்றாள். கேமராமேன் நான். முதல் நாள் பதினாலு முறை எடுத்தோம். வாய் 'முடி' வரைக்கும் வந்து, அதற்கு மேல் பத்தொன்பது வருடம் போன வழியிலேயே 'யாது' என்று போனது. மூன்றாவது நாள் சரியாகி, முடியும் முடியும் என்று அவள் போட்ட சத்தம் படிக்கட்டு வரை கேட்டிருக்கிறது. பழுதான ஹீட்டரோடு பாதிப் படியில் நின்று திரும்பிப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒருவர் குடுகுடுவென்று இறங்கி வந்துவிட்டார். அவருக்கு ஒரு புகார் எண் கொடுத்து அனுப்பினோம்.

இணையக் கடையும் திறந்தாள். கழுத்து வலிக்கு மசாஜ் செய்கிற ஒரு கருவி, அவள் கண்ணால் பார்த்தே இராத ஒன்று. முப்பது நாளாக ஒரு பயலும் வாங்கவில்லை. அதுதான் நமக்கு நல்லது என்று அவள் சொல்லிக்கொண்டாலும், யாருமே எட்டிப் பார்க்காத கடையைத் தினமும் காலையில் திறந்து பார்க்கும்போது முகம் வாடத்தான் செய்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. விளம்பரத்தைக் காட்டிய பாவி நான். அவளுக்குத் தெரியாமல், என் தங்கை பேரில், நானே ஒன்றை வாங்கினேன். ஒன்று விற்றிருப்பதைப் பார்த்து அவள் முகம் மலர்ந்தது, ஒரே ஒரு விற்பனையை யார் லாபமென்று எண்ணுவார்கள் என்று இருவருமே நினைத்துவிட்டோம். வந்த கருவி கழுத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. என் தங்கையின் வீட்டுக்காரர் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கழற்றித்தான் என்னை விடுவித்தார்.

நாற்பதாம் நாள் அக்கா எல்லாவற்றையும் அனுப்பினாள். நாற்பது வீடியோ, டைரியின் ஒவ்வொரு பக்கமும் படமாக, பில், சீலின் இரண்டு துண்டுகள்கூட. ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் போன் பேசினாள், நானும் கேட்கட்டும் என்று.

"எல்லாம் சரியா இருக்கு மேடம், வாழ்த்துகள். ஆனா உங்க கடையில ஒரு விற்பனை ஆயிருக்கு. ஒரு டீ குடிக்கிற அளவுக்கு லாபம் வந்திருக்கு. லாபம் வந்தவங்களுக்கு வாபஸ் முடியாது மேடம்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். யார் வாங்கியிருப்பார்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்காததால் நானே சொல்லிவிட்டேன். நல்லெண்ணத்தில் இதைவிடப் பெரிய கேட்டை யாரும் செய்திருக்க மாட்டார்கள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் ஆறியிருப்பேன். அவள் மேசைக்கு இந்தப் பக்கம் வந்து, நாற்காலி இல்லாததால் கவிழ்த்துப் போட்ட ஒரு குக்கர் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். சீசனுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அன்று காலையில் அத்தானிடம் டாக்டரின் இயந்திரம் ரிப்பேர் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். இனிமேல் சொல்ல ஒன்றும் மிச்சம் இல்லை என்றாள். தனக்குக் காரணம் தீர்ந்துபோகும் என்று கனவிலும் நினைத்ததில்லையாம்.

பிறகு, நான் எத்தனை பேருக்குப் பணம் திருப்பிக் கொடுத்திருக்கிறேன் தெரியுமா என்று கேட்டாள். கத்துகிறவர்களுக்குக் கொடுத்ததில்லை, கத்தி முடித்தால் போய்விடுவார்கள். அழுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பாள். வக்கீலிடம் போவேன் என்பவர்களுக்கு விலாசம் எழுதிக் கொடுப்பாள். மனமறிந்து தோற்றது ஒரே ஒருவரிடம்தான். ஓய்வுபெற்ற தபால்காரர், ஷாக் அடிக்கிற இஸ்திரிப் பெட்டி. ஒரு வார்த்தை பேசாமல் மேலே போய், கடை வாசலில், இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாராம். யாராவது என்ன என்று கேட்டால் நடந்ததைச் சொல்வார். கேட்காவிட்டால் சும்மா நிற்பார். இரண்டாம் நாள் முதலாளியே ஓடி வந்து எண்ணிக் கொடுத்தார்.

"கோட்டுக்காரன் ஞாயித்துக்கிழம எங்கயோ ஹால் எடுத்திருக்கான். நீங்களும் வாங்க தம்பி. பெட்டியத் தூக்க ஆள் வேணும்."

ஒரு ஓட்டலின் இரண்டாம் மாடியில் ஹால். வாசலில் பதிவு மேசை, அதில் ஒரு பெண். வாய் திறந்ததும் குரல் தெரிந்துவிட்டது, மகிழ்ச்சிப் பெண்தான். படிக்கட்டு முடிகிற இடத்தில் தண்ணீர் பாட்டில் வைக்க ஒரு சின்ன மேசை போட்டிருந்தார்கள். அக்கா பாட்டில்களை ஓரமாக அடுக்கிவிட்டு, தங்கப் பெட்டியை நடுவில் வைத்து, பின்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கடைச் சீருடையில் வந்திருந்தாள். முன்னால் நாற்காலி கிடையாது.

மாடியேறி வந்தவர்கள் என்ன செய்வார்கள்? மேசைக்குப் பின்னால் சீருடையும் அந்த முகமும் தெரிந்தால் மனிதன் தானாக வரிசையில் நின்றுவிடுகிறான். பத்து நிமிடத்தில் அங்கே பதினைந்து பேர். பதிவு மேசையில் ஈ இல்லை. பதிவுக்கு அந்தப் பக்கம் போங்கள், ஏதாவது கேட்க வேண்டுமென்றால் என்னைக் கேளுங்கள் என்று அக்கா சொன்னாள். லாபம் வருமா என்று கேட்டார்கள். தனக்கு வந்தது, நாற்பது நாளில் ஒரு டீக்கு ஆகும் என்றாள். பிடிக்கவில்லையென்றால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டார்கள். கிடைக்கும் என்று எழுதியிருக்கிறது, அதை வாங்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்றாள். ஒரு பொய் இல்லை, ஒரு வசவு இல்லை.

அவள் எதிர்பார்த்தது, கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று. அவர்கள் போகவில்லை. உங்களுக்குக் கிடைக்கிறதா என்று பார்க்கிறோம், கிடைத்தால் நாங்களும் தைரியமாகக் கட்டுவோம் என்று சுற்றி நின்றுகொண்டார்கள். பணம் வராவிட்டால் அத்தானுக்குப் பல் இல்லை. வந்தாலோ இத்தனை பேரும் அவளைப் பார்த்தே கிணற்றில் குதிப்பார்கள்.

கோட்டுக்காரருக்கும் அது உடனே விளங்கிவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரர். முதலில் அவளைத் தனியாகக் கூப்பிட்டு அடுத்த கட்ட வகுப்பை இலவசமாகத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றாள். பாதி தருகிறேன் என்றார். அக்கா அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள், பாதி என்பதெல்லாம் முதல் வாரம் வேலைக்கு வந்தவர்கள் சொல்வது. சுற்றி நிற்கிற கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மனிதர் சட்டென்று குரலை மாற்றி எல்லோரையும் ஹாலுக்குள் அழைத்தார். அக்காவை மேடையில் ஏற்றினார். நாங்கள் சொன்ன சொல் தவறாதவர்கள், இதோ உங்கள் கண் முன்னாலேயே முழுப் பணமும் வாபஸ் என்று மைக்கில் முழங்கி, போனை உயரத் தூக்கிப் பிடித்துப் பணத்தை அனுப்பினார். ஹாலே கை தட்டியது. மகிழ்ச்சிப் பெண் பதிவுப் படிவங்களை எண்ணத் தொடங்கிவிட்டாள். இந்த நம்பிக்கையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்று மைக்கை அக்காவிடம் நீட்டினார்.

அக்கா மைக்கை வாங்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அரை நிமிடம் போல ஆனது. பணம் வந்த குறுஞ்செய்தி வந்தது, தொகையை ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தாள், போனை அணைத்துப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். அதற்குப் பிறகுதான் மைக்கை வாங்கினாள்.

"எனக்குப் பணம் வந்திருச்சு. வாரக்கணக்கா போன் பண்ணினேன், வரல. நாப்பது நாள் வீடியோ அனுப்பினேன், வரல. இன்னைக்கு இவங்க வியாபாரத்துக்குக் குறுக்க வந்து உக்காந்தேன், வந்திருச்சு. நீங்களும் கட்டலாம். ஆனா திருப்பி வாங்கணும்னா அடுத்த கூட்டத்துக்கு வந்து இதே மாதிரி படிக்கட்டுல உக்காரணும். உக்கார நேரம் இருக்கறவங்க மட்டும் கட்டுங்க."

மைக்கை அவர் கையிலேயே பத்திரமாகக் கொடுத்துவிட்டு இறங்கினாள். நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. பாதிப் பேர் எங்களுக்கு முன்னாலேயே படியிறங்கிவிட்டார்கள். என் முன்பதிவுத் தொகையை அன்றே நானும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, எனக்கு அந்த முகம் இல்லை.

பஸ்ஸில் வரும்போது அவள் சந்தோஷமாக இருந்ததாகச் சொல்ல முடியாது. பணத்தை வைத்துக்கொண்டு ஒன்றுமே நடக்காத மாதிரி, இயந்திரம் சரியாகிவிட்டது வாருங்கள் என்று அத்தானைக் கூட்டிப் போய்விடலாமே என்றேன். வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல், டிரம்பெட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர் முன்னால் நின்று, பதினொரு நிமிடக் கடிகாரத்திலிருந்து மேடை வரைக்கும் ஒன்று விடாமல் கொட்டிவிட்டாள். மாநாடு பொய், மஞ்சள் பல் பொய், இயந்திரம் பொய் என்றாள். அத்தான் துணியை மடித்து வைத்தார். இரண்டாவது வாரமே பல் ஆஸ்பத்திரி வழியாக நடந்து போனதாகவும், மாநாட்டுக்குப் போன டாக்டர் வாசலில் நின்று செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்ததாகவும் சொன்னார்.

"அப்பவே ஏங்க என்னக் கேக்கல?"

"நாள் பூரா யார்யாருக்கோ காரணம் சொல்லிட்டு வர்ற. வீட்லயும் நான் ஒருத்தன் உன் மேசைக்கு முன்னாடி வந்து நிக்கணுமா?"

அக்கா அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்து அழுதாள். இத்தனை வருடத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன், வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மறுநாள் பல் ஆஸ்பத்திரியில் நடந்ததை அத்தான்தான் எனக்குச் சொன்னார். டாக்டர் சோதித்துவிட்டு, பத்து நாளில் தற்காலிகமாகப் பல் வைத்துவிடலாம், அதை வைத்து மெதுவாக ஊதிப் பழகினால் சீசனுக்குச் சரியாக இருக்கும் என்றாராம். ஆனால் ஈறு சுருங்கிப்போயிருக்கிறது, ஊசியும் வலியும் கூடுதலாக இருக்கும், இதற்குள் வந்திருக்க வேண்டாமா, யார் இப்படித் தள்ளிப் போட்டது என்று சிடுசிடுத்திருக்கிறார். அத்தான் முந்திக்கொண்டு, ஊசி என்றால் தனக்குப் பயம், தான்தான் இன்றைக்கு நாளைக்கு என்று கடத்திவிட்டதாகச் சொன்னாராம். பக்கத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அக்கா எழுந்துவிட்டாள்.

"இல்ல டாக்டர், இவர் சொல்றது பொய். பல்லுக்கு வச்சிருந்த பணத்த எடுத்து ஏமாந்தது நான். வரவிடாமப் பண்ணினதும் நான். தப்பு என்னுது."

நர்ஸ் திரும்பிப் பார்த்தாளாம். வாசலில் காத்திருந்தவர்களும் பார்த்தார்களாம். டாக்டர் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டே, தப்பு யாருதா இருந்தா என்னம்மா, வாய் இவருதுதானே, திறக்கச் சொல்லுங்க என்றாராம். அத்தான் ஒரு கையால் அக்காவின் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார். ஊசி என்றால் அவருக்கு நிஜமாகவே பயமாம்.